உலகச் சந்தையும் நம் வீட்டு வாசலும்

'உலகமயமாதல்' என்னும் சொல் நாளிதழ்களிலும் மேடைகளிலும் அடிக்கடி கேட்கப்படுகின்றது. சிலர் அதனை வரமென்று போற்றுகின்றனர். சிலர் சாபமென்று தூற்றுகின்றனர். வரமா சாபமா என்று தீர்ப்புக் கூறுவதற்கு முன், அது எவ்வாறு இயங்குகின்றது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பொருள், பணம், தொழில், மனிதர் ஆகிய நான்கும் நாட்டெல்லைகளைக் கடந்து தடையின்றிச் செல்வதால், ஒரு நாட்டில் நிகழும் மாற்றம் மற்றொரு நாட்டு மக்களின் அடுப்பங்கரை வரை வந்து சேர்வதையே உலகமயமாதல் என்கிறோம். இது புத்தம் புதிய செய்தியன்று. மலேசியத் தமிழர்களாகிய நாம் இந்நாட்டில் இருப்பதற்கே அதுதான் காரணம்.

ஒரு விதையின் பயணம்

ரப்பர் மரம் மலாயாவின் மரமன்று. அதன் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடுகள். 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டுசேர்த்தார். அவற்றுள் சிறு பகுதியே முளைத்தது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராயிருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். 1890-களில் மலாக்காவில் டான் சே யான் என்பவர் வாணிப நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கினார்.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காற்றடைத்த டயர் பழக்கத்துக்கு வந்தது. 1908-இல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட 'மாடல் டி' கார் நடுத்தரக் குடும்பங்களின் கைக்கும் எட்டியது. காருக்கு டயர் வேண்டும். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு ஆள் வேண்டும். ஆள் எங்கிருந்து வந்தது? வறட்சியாலும் கடனாலும் நலிந்திருந்த தமிழகக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் வழியாக வந்தது. விதை பிரேசிலினுடையது, முதலீடு இலண்டனுடையது, நிலம் மலாயாவினுடையது, உழைப்பு தமிழனுடையது, பயன்படுத்தியவர் அமெரிக்கர். ஐந்து இடங்கள் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டன. உலகமயமாதலுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

விலையை எழுதுவது யார்?

இச்சங்கிலியில் ஒரு குறை இருந்தது. மரம் சீவியவன் எவ்வளவு நன்றாகச் சீவினாலும் ரப்பரின் விலையை அவன் நிர்ணயிக்க முடியாது. விலை இலண்டனிலும் நியூயார்க்கிலும் எழுதப்பட்டது. 1910-ஆம் ஆண்டு ஓர் இராத்தல் ரப்பர் இலண்டனில் 12 ஷில்லிங்கிற்கும் மேல் விற்றது. அவ்விலையைக் கண்டு எல்லாரும் ரப்பர் நட்டனர். ஆனால் ரப்பர் நட்டால் பால் தர ஆறேழு ஆண்டுகள் ஆகும். விலை உயர்ந்தபோது நட்ட கன்றுகளெல்லாம் ஒன்றாகப் பால் தரும் வேளையில் சந்தையில் சரக்குக் குவிந்து விலை சரிகின்றது. உற்பத்தியைக் கட்டுப்படுத்த 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் திட்டம் நடப்பில் இருந்தது. அதில் சேராத டச்சு இந்தியத் தீவுகள், அதாவது இன்றைய இந்தோனேசியா, தம் உற்பத்தியைப் பெருக்கிக்கொண்டன.

1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அமெரிக்கர் கார் வாங்குவதைக் குறைத்தனர். 1932-இல் ஓர் இராத்தல் ரப்பர் 3 பென்னிக்கும் கீழே இறங்கியது. ஒரு ஷில்லிங்கிற்கு 12 பென்னி என்பதை நினைவிற்கொண்டு கணக்கிட்டால் வீழ்ச்சியின் ஆழம் விளங்கும். தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது, ஆட்குறைப்பு நடந்தது. 1930 முதல் 1932 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. பங்குச் சந்தை எந்தத் திசையில் இருக்கின்றது என்றுகூட அவர்களுள் பலருக்குத் தெரிந்திருக்காது.

மரம் மாறியது, மனிதரின் நிலை மாறியது

1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. உடனே அவர்கள் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரைப் பெருமளவில் தயாரித்தனர். போர் முடிந்த பின்னும் அத்தொழில் நின்றுவிடவில்லை. 1950-இல் கொரியப் போர் மூண்டபோது இயற்கை ரப்பரின் விலை ஏறியது உண்மையே. எனினும் நெடுங்காலப் போக்கில் தோட்டங்கள் வேறு பயிரைத் தேடவேண்டிய நிலை உண்டாயிற்று. அப்பயிர்தான் செம்பனை. அதுவும் வெளியூர் மரமே. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சிலாங்கூரிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் முதன்முதலாக வாணிப நோக்கில் பயிரிடப்பட்டது.

செம்பனைத் தோட்டங்களில் பூக்களுக்கு மகரந்தத்தைக் கையால் தூவும் வேலை முன்பு ஆட்களுக்குக் கிடைத்து வந்தது. 1981-இல் கேமரூன் நாட்டிலிருந்து ஒருவகைச் சிறு வண்டு மலேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அவ்வண்டு அவ்வேலையை இலவசமாகவும் செம்மையாகவும் செய்தது. காய்ப்பு மிகுந்தது, நாட்டின் ஏற்றுமதி வளர்ந்தது. கையால் மகரந்தம் தூவியவருக்கு அந்த வேலை இல்லாமற் போயிற்று. நாடு பெற்ற நன்மையும் தொழிலாளி அடைந்த இழப்பும் ஒரே வண்டின் சிறகில் வந்தன. உலகமயமாதலின் இயல்பு இதுவே. நன்மை கோடிப் பேருக்குச் சிறிது சிறிதாகப் பரவுகின்றது. இழப்போ குறிப்பிட்ட சிலரின் தலையில் மொத்தமாக விழுகின்றது. ஆகவேதான் புள்ளிவிவரத்தில் நாடு முன்னேறியதாகத் தெரியும்போதும், ஒரு குறிப்பிட்ட லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பின்தங்கிப் போகின்றன.

தோட்டங்கள் கைமாறியபோதும் இதுவே நிகழ்ந்தது. 1950-களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டு முதலீட்டை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோயினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். 'தோட்டத் துண்டாடல்' என்று நம் பெரியவர்கள் வேதனையோடு கூறுவது இதைத்தான். பின்னாளில் நகரங்கள் வளர்ந்தபோது, எஞ்சிய தோட்டங்களிலும் பல வீடமைப்புத் திட்டங்களாயின. வேலையோடு வீடும், வீட்டோடு பள்ளியும் கோயிலும் போயின. தோட்டத் தமிழ்ப் பள்ளிகளில் பணியாற்றியவன் என்ற முறையில், ஆண்டுக்காண்டு வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறைந்து வந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். மரத்தை மட்டும் நம்பியிருந்த குடும்பத்திற்கு மரம் போனதும் கையில் வேறு தொழில் இல்லை.

கொள்கலனும் தொழிற்சாலையும்

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். கொள்கலன் போக்குவரத்து அங்ஙனம் தொடங்கிற்று. மூட்டை மூட்டையாகப் பலர் நாட்கணக்கில் ஏற்றி இறக்கிய சரக்கைச் சில மணி நேரத்தில் பாரந்தூக்கி ஏற்றி இறக்கியது. கப்பல் செலவு குறைந்தது. செலவு குறைந்ததும், ஒரு பொருளின் பல பாகங்களைப் பல நாடுகளில் செய்து ஓரிடத்தில் பூட்டுவது இலாபமாயிற்று. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் 1972-இல் முதல் கொள்கலன் கப்பல் வந்தது.

அதே 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்திருந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்திருந்தது. முதலமைச்சராயிருந்த லிம் சோங் இயூ வெளிநாட்டு மின்னியல் நிறுவனங்களை அழைத்து வந்தார். இன்டெல் போன்றவை அங்கு ஆலை அமைத்தன. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் முதன்முறையாக மாதச் சம்பளம் பெற்றனர். கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வந்த பெண்கள் தம்பி தங்கையரைப் படிக்கவைத்தனர்.

உலக அளவிலும் இவ்வாறே. உலக வங்கியின் கணக்குப்படி 1990-இல் உலக மக்களில் மூவரில் ஒருவருக்கு மேல் கடும் வறுமையில் இருந்தனர். 2019-இல் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. இக்குறைவில் பெரும்பங்கு சீனாவுக்கு உரியது. ஆயினும் மலிவு விலைக்குப் பின்னால் வேறு விலையும் உண்டு. 2013 ஏப்ரல் 24-ஆம் நாள் பங்களாதேஷில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து, ஆடைத் தொழிலாளர்கள் 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மேலைநாடுகளில் விற்கப்படும் சட்டைகளைத் தைத்தவர்கள் அவர்கள்.

பணமும் பயணம் செய்கின்றது

பொருளைவிட வேகமாகப் பயணம் செய்வது பணம். 1997 ஜூலை 2-ஆம் நாள் தாய்லாந்து தன் நாணயத்தின் நிலையான மதிப்பைக் கைவிட்டது. அச்சம் கொண்ட முதலீட்டாளர்கள் அண்டை நாடுகளிலிருந்தும் பணத்தை எடுத்தனர். ஓர் அமெரிக்க டாலருக்கு 2 ரிங்கிட் 50 காசு அளவில் இருந்த நம் நாணயம், 1998 ஜனவரியில் 4 ரிங்கிட் 88 காசு வரை சரிந்தது. வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர் ஏறக்குறைய இரு மடங்கு பணம் தேடவேண்டியதாயிற்று. அவ்வாண்டில் மலேசியப் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. 1998 செப்டம்பரில் அரசாங்கம் மூலதனக் கட்டுப்பாடுகளை விதித்து, ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 80 காசு என மதிப்பை நிலைநிறுத்தியது. 2005 ஜூலை வரை அது நீடித்தது. சரக்குக்குத் திறந்துவிடும் கதவு வேறு, விரைந்து ஓடும் பணத்துக்குத் திறந்துவிடும் கதவு வேறு என்பது அன்று கிடைத்த பாடம்.

அன்னதானக் கூடம் வரை

கோயில் அன்னதானத்துக்குப் பொருள் வாங்குவோர் இதை அண்மையிலும் உணர்ந்திருப்பர். உலக அரிசி ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கும் இந்தியா, உள்நாட்டு விலையைக் காக்க 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. 2023 டிசம்பரில் வெங்காயத்துக்கும் தடை வந்தது. 2024 மே மாதத்தில்தான் அது நீங்கியது. அதற்கு முன் 2022-இல் இந்தோனேசியா சில வாரங்கள் செம்பனை எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியபோது இந்திய இல்லங்களில் எண்ணெய் விலை பேச்சாயிற்று. ஒவ்வோர் அரசும் தன் மக்களைக் காக்கவே கதவடைக்கின்றது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒருவர் கதவடைத்தால் மற்றவர் அடுப்பில் சூடு குறைகின்றது.

நாம் செய்யக்கூடியது

உலகச் சந்தையை நம்மால் நிறுத்த முடியாது. நிறுத்தினால் நமக்கே தீங்கு. அதன் அடியை மெலியவர் மட்டும் தாங்காமற் பார்த்துக்கொள்வது நம்மால் முடியும். அதற்கு நம் வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலியாக இருந்தவர் பங்குதாரராயினர். தனித்தனியே நின்றால் விலையை ஏற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை. சேர்ந்து நின்றால் விலையின் ஒரு பகுதியாவது நம் கைக்கு வரும்.

இன்று அந்தப் பத்து வெள்ளியின் வேலையைச் செய்யவேண்டியது கல்வி நிதியும் தொழிற்பயிற்சி நிதியும் ஆகும். மரம் போனால் மரத்தோடு வேலையும் போகும். கற்ற கைத்தொழில் போகாது. பல்கலைக்கழகம் செல்லும் மாணவருக்கு உதவுவதோடு, தேர்வில் பின்தங்கிய பிள்ளைக்கு மின்னியல், பற்றவைப்பு, குளிரூட்டிப் பழுதுபார்ப்பு, தாதிமை போன்ற பயிற்சிகளுக்கும் நன்கொடையில் ஒரு பங்கு ஒதுக்கப்படவேண்டும் என்பது என் பணிவான கருத்து. வேலையிழந்த நாற்பது வயதுக் குடும்பத் தலைவருக்கும் அப்பயிற்சி தேவை. அவரை எந்தப் பள்ளியும் தேடி வருவதில்லை.

மற்றொன்றும் நினைவில் இருக்கட்டும். நம் பாட்டன்மார் வெறுங்கையோடு கப்பலேறி வந்ததைப் போலவே, நேப்பாளத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் இன்று செம்பனை வெட்டுகின்றனர். கையுறை ஆலைகளில் நிற்கின்றனர். முகவருக்குக் கொடுத்த கடனை அடைக்கவே அவர்களுள் பலருக்கு முதலாண்டுச் சம்பளம் போகின்றது. கங்காணியிடம் பட்ட கடனைக் கேட்டறிந்த சமுதாயம் இதனைக் கண்டும் காணாததுபோல் இருத்தல் ஆகாது. அன்னதானப் பந்தியில் அவர்களுக்கும் ஓர் இலை போடுவோம். நம் கடையிலும் நம் வீட்டிலும் வேலை செய்பவர்க்குப் பேசிய சம்பளத்தைப் பேசிய நாளில் கொடுப்போம்.