குடலின் நலம்: கூச்சம் வேண்டாம்

நால்வர் கூடும் இடங்களில் சர்க்கரை நோயைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் தாராளமாகப் பேசக் கேட்கின்றோம். ஆனால் மலம் கழிப்பதில் ஏற்படும் மாறுதலைக் குறித்து எவரும் வாய் திறப்பதில்லை. கணவர் மனைவியிடம் கூறுவதில்லை; தாய் மகளிடம் கூறுவதில்லை; நோயாளி மருத்துவரிடம் கூறவும் தயங்குகிறார். இத்தயக்கத்திற்கு நம் குடும்பங்கள் கொடுக்கும் விலை சிறிதன்று. அதனை நாம் கண்ணாரக் கண்டோம்.

நமது பங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். வயது 61. வைகறைத் திருப்பலிக்கு மிதிவண்டியில் வந்து சேர்பவர்களுள் அவரே முதல்வர். கை கழுவுதலைப் பற்றியும் கொக்கிப்புழுவைப் பற்றியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறுவர்க்குப் பாடம் நடத்தியவர். சில நாள்களாக அவரது மிதிவண்டியைக் கோயில் வாசலில் காணாமையால், நாம் அவர் இல்லத்திற்குச் சென்றோம்.

“ஓராண்டாகவே முகம் வெளுத்துக்கொண்டு வருகிறது, சாமி. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்” என்று அவருடைய மனைவியார் கண்கலங்கினார். தனிமையில் கேட்டபோது ஆசிரியர் தலைகுனிந்து, “மலத்தோடு இரத்தம் போகிறது, சாமி. மூலந்தான். இதைப் போய் யாரிடம் சொல்லுவது?” என்றார். துத்தி இலையும் கருணைக்கிழங்கும் உண்டு பார்த்து ஓராண்டைக் கழித்துவிட்டார். மருத்துவமனையில் சோதித்தபோது, அது மூலமன்று, பெருங்குடற் புற்று என்றும், கல்லீரல்வரை பரவிவிட்டது என்றும் தெரியவந்தது. எட்டுத் திங்களில் அவரை அடக்கம் செய்தோம். நல்லறிவு படைத்த மனிதர். அவரைக் கொன்றதில் நோய்க்குப் பாதிப் பங்கு என்றால், கூச்சத்திற்கு மறுபாதி.

இந்நோயைப் பற்றி ஒவ்வொரு குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நலம். பெருங்குடல் ஏறத்தாழ 5 அடி நீளமுள்ளது. வயது ஏற ஏற, அதன் உட்சுவரில் சிறு சதை முளைகள் தோன்றுவதுண்டு. பாலிப் என்று மருத்துவர் குறிப்பிடுவது இதனையே. இவற்றுள் மிகப் பல தீங்கு செய்யாதவை. ஒரு சில மட்டும் மெல்ல வளர்ந்து புற்றாக மாறுகின்றன. அம்மாற்றத்திற்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் போல் ஆகின்றது. அத்தனை ஆண்டுகளிலும் நோவு இல்லை, காய்ச்சல் இல்லை. பசியும் உறக்கமும் முன்போலவே இருக்கும். ஆகவே, “உடம்புக்கு ஒன்றுமில்லையே, நமக்கு ஏன் சோதனை?” என்று கேட்பது பொருந்தாத கேள்வி. ஒன்றும் தெரியாத அக்காலமே சோதனைக்கு உரிய காலம்.

சோதனைகளுள் முதன்மையானவை இரண்டு. முதலாவது, கண்ணுக்குப் புலப்படாத இரத்தம் மலத்தில் கலந்துள்ளதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது. சிறிதளவு மலத்தைச் சிமிழில் எடுத்துக் கொடுத்தால் போதும், ஊசியில்லை, வலியில்லை. இதனை ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டும். இரத்தம் காணப்பட்டால் புற்று என்று அஞ்சிவிடலாகாது. மூலத்தினாலும் புண்ணினாலும் அது நேரலாம். ஆயினும் அடுத்த சோதனையைத் தள்ளிப்போடுதல் தகாது.

இரண்டாவது, கொலோனாஸ்கோப்பி. முந்தின நாள் எளிய உணவு உண்டு, மருந்துக் கரைசலைக் குடித்துக் குடலைத் தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டும். மறுநாள், அயர்வு தரும் மருந்து கொடுத்து, நுனியில் விளக்குள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திக் குடல் முழுவதையும் பார்வையிடுவர். முளை தென்பட்டால் கம்பிச் சுருக்கினால் அப்போதே அறுத்து எடுத்துவிடலாம். 1969இல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்னும் மருத்துவர் இருவர் இம்முறையைத் தொடங்கி வைத்தனர். எனவே இது நோயைக் காட்டும் சோதனை மட்டுமன்று. நோயை முளையிலேயே கிள்ளும் சிகிச்சையுமாகும். குடலில் துளை விழுதல், இரத்தக் கசிவு போன்ற கேடுகள் நேர்வது அரிது. ஆதலின் தேர்ந்த மருத்துவரை நாடுதல் வேண்டும். குடல் தூயதாக இருந்தால், பொதுவாக 10 ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டும் செய்துகொள்ள நேரும்.

இவற்றால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா? அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவு 1993இல் வெளிவந்தது. ஆண்டுதோறும் மலச் சோதனை செய்துகொண்டவர்களிடையே இப்புற்றினால் நேர்ந்த சாவுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஜப்பான் நாட்டில் 1992 முதல் இச்சோதனை நாடெங்கும் நடைபெறுகின்றது. இங்கிலாந்தில் 2006இல் தொடங்கிய திட்டத்தின்படி சோதனைப் பொருள்கள் அஞ்சல் வழியே வீட்டிற்கே வந்து சேர்கின்றன.

வெட்கப்படுவோருக்கு உலகத் தலைவர் இருவரை நினைவூட்டுகின்றோம். 1985இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகனின் குடலில் இருந்த கட்டி அகற்றப்பட்டது. அதில் புற்று இருந்ததை மருத்துவர்கள் செய்தியாளர்க்கு வெளிப்படையாகவே அறிவித்தனர். அவர் 2004 வரை வாழ்ந்தார். 1992 ஜூலை 12, ஞாயிறன்று, மூவேளைச் செப வேளையில் கூடியிருந்த மக்களிடம், சோதனைகளுக்காக மருத்துவமனை செல்வதாகத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தாமே அறிவித்தார். மூன்றாம் நாள் அவருடைய பெருங்குடலிலிருந்து கட்டியொன்று அகற்றப்பட்டது. அதன்பின் 2005 வரை அவர் திருச்சபையை வழிநடத்தினார். உலகமே அறியச் சொல்ல அவர்கள் நாணவில்லை. நாம் ஒரு மருத்துவரிடம் சொல்ல நாணுவானேன்?

மேலைநாடுகளை நோக்க, இந்தியாவில் இந்நோய் குறைவே. நம் அரசின் புற்றுநோய்ச் சோதனைத் திட்டமும் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றைப் பற்றியே அமைந்துள்ளது. ஆகையால் குடலைப் பொறுத்தவரையில் நாமே முன்சென்று கேட்க வேண்டியுள்ளது. அமெரிக்க வல்லுநர் குழு, சோதனையைத் தொடங்கும் வயதை 2021இல் 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. அவ்வயதை எட்டியவர்கள், தமக்குச் சோதனை வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்பது நன்று. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் கண்டிருந்தால், 40 வயதிலோ, அவர்களுக்கு நோய் கண்ட வயதிற்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போதே தொடங்க வேண்டும். தந்தைக்கு 45இல் நோய் என்றால் மகனுக்கு 35இல் சோதனை.

மலத்தில் இரத்தம், பல வாரம் நீடிக்கும் மலச்சிக்கல் அல்லது வயிற்றுப்போக்கு, காரணமின்றி உடல் மெலிதல், இரத்தசோகை ஆகியவை தோன்றினால், வயது எதுவாயினும் காலந்தாழ்த்தலாகாது. “மூலந்தான்” என்று தீர்ப்பளிக்கும் உரிமை மருத்துவருக்கே உரியது, நமக்கன்று.

ஆசிரியரின் அடக்கத்திற்குப் பின், அவருடைய தம்பியைப் பலமுறை வற்புறுத்திச் சோதனைக்கு அனுப்பினோம். அவருக்கு 52 வயது. எவ்வித நோவும் இல்லாதவர். அவர் குடலில் இரண்டு முளைகள் இருந்தன. அவற்றை அன்றே அகற்றினர். தமையனாரின் மிதிவண்டியில் இன்று அவர் காலைத் திருப்பலிக்கு வருகின்றார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே! இன்றிரவு உணவிற்கு அமரும்போது, பாட்டனாரும் பாட்டியாரும் எந்நோயால் இறந்தனர் என்று பெரியோரிடம் கேளுங்கள். விடையை ஏட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அவ்வேட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.