மௌனத்துக்குள் ஒரு ளகரம்

“என் கணினியில் தமிழாகத் தெரிகிற கோப்பு, பதிப்பகத்தில் திறந்தால் கிறுக்கலாக இருக்கிறதாம். ஏன்?” என்று குருபோங்கிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தோட்டத்து நினைவுகளைத் தொகுத்து நூலாக்கும் முயற்சியில் இருக்கிறார்.

எழுத்தளவு, ஓரம், வரி இடைவெளியெல்லாம் பதிப்பகமே சொல்லிவிடும். இவருடைய சிக்கல் எழுத்துருவில் இருக்கிறது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. பிற எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துத்தான் அன்றைய எழுத்துருக்கள் இயங்கின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கல்தான் மிஞ்சும். யூனிகோட் வந்தபின் தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் கிடைத்துவிட்டன. பழைய கோப்பை எழுத்துரு மாற்றி மென்பொருளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றியபிறகே அனுப்ப வேண்டும். பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள் என நம் தோட்டங்களின் வரலாறு எத்தனையோ பழைய கோப்புகளில் கிடக்கிறது. அவற்றை மாற்றி வைக்க யாரும் அக்கறைப்படாதது எனக்குப் பெரிய வருத்தம்.

மாற்றியபின்னும் ஒரு பிழை ஒளிந்திருக்கும். என்னை மிகவும் ஈர்த்தது அதுதான். ‘மௌனம்’ என்ற சொல்லில் மகரத்துக்குப் பின்னால் நிற்பது ளகரம் போலத் தெரிகிறது. அது ளகரம் அல்ல, ஔகாரக் குறியின் வலப்பாதி. தட்டச்சுப்பொறியிலும் பழைய எழுத்துருக்களிலும் கொம்பு, மகரம், ளகரம் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடித்தோம். யூனிகோடில் மெய்க்குப் பிறகு ஔகாரக் குறி ஒன்றே ஒன்று. பழைய பழக்கத்தில் அடித்தாலும், தரமற்ற மாற்றியில் மாற்றினாலும் ‘மெளனம்’ என்று உண்மையான ளகரமே உள்ளே உட்கார்ந்துவிடும். தாளில் அநேகமாக வேறுபாடு தெரியாது. ஆனால் தேடினால் சொல் கிடைக்காது, அகரவரிசையில் இடம் மாறும், வாசிப்பு மென்பொருள் ‘மெ-ள-னம்’ என்று படிக்கும். பக்க வடிவமைப்பில் ‘மெ’ ஒரு வரியின் கடைசியிலும் ‘ளனம்’ அடுத்த வரியிலும் போய் நிற்கலாம். ஔவையாரும் இப்படியே ‘ஒளவை’யார் ஆகிறார்.

அம்மா பால்மரம் வெட்டிய நாள்களில் மங்கு துடைக்க நானும் போவேன். அழுக்கு மங்கு ஒன்றின் பால் வாளியில் கலந்தால் மொத்தப் பாலும் திரிந்துபோகும் என்பார். கைப்பிரதியிலும் தவறான ஒரு சொல், நகலெடுத்து ஒட்டுகிற இடமெல்லாம் பரவிவிடுகிறது. இதைத் திருத்துவது பதிப்பக வடிவமைப்பாளரின் வேலை என்று விட்டுவிடுவது சரியல்ல. அவர் நம் நூலின் வாசகர் இல்லை. எது நாம் எண்ணி எழுதிய சொல் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ‘மௌ’வுக்குப் பின்னால் சுட்டியை நிறுத்தி பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்துங்கள். ‘ம’ மட்டும் மிஞ்சினால் எழுத்து சரி. கொம்போடு ‘மெ’ நின்றால் அங்கே ளகரம் இருந்திருக்கிறது. அதற்காகக் கொம்பும் ளகரமும் சேர்ந்த இடங்களையெல்லாம் ஒரே கட்டளையில் மாற்றிவிடாதீர்கள். ‘வெளி’, ‘தெளிவு’, ‘வெள்ளி’ எல்லாம் சிதைந்துபோகும். ‘மெளன’, ‘கெளரவ’, ‘செளகரிய’, ‘பெளர்ணமி’ என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். முடித்ததும் அதே கோப்பிலிருந்து ஒரு பிடிஎஃப் எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். எழுத்து எங்காவது மாறித் தெரிந்தால் பதிப்பகத்தார் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.