காலையில் முரண்டு பிடிக்கும் வண்டி

மார்கழி மாதத்து விடியற்காலையில் மல்லாங்கிணற்றுத் தெருக்களில் இரண்டு வகைச் சப்தங்கள் கேட்பதுண்டு. ஒன்று, கோயில் ஒலிபெருக்கியிலிருந்து வரும் திருப்பாவை. மற்றொன்று, ஏதாவதொரு வீட்டு வாசலில் பழைய மொபெட்டையோ ஸ்கூட்டரையோ ஒருவர் உதைத்துக் கொண்டிருக்கும் சப்தம். முதலாவது உரிய நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவது எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் உதைப்பவருக்கு அது சிரிப்புக்குரிய விஷயமல்ல. பால் கேன் பின்னால் தொங்கிக் கொண்டிருக்கிறது. அல்லது விருதுநகரில் ரயிலைப் பிடித்தாக வேண்டும். அல்லது வேலைத்தலத்தில் நேரம் தவறினால் அரைநாள் கூலி போயிற்று. "பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்கலாமே!" என்று திண்ணையிலிருந்து யோசனை சொல்பவர்கள், அதற்குப் பணமும் சேர்த்துக் கொடுப்பதில்லை. ஆகவே, இருக்கிற வண்டியை இதமாகக் கிளப்பும் வழியை அறிந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

கார்ப்பரேட்டர் வைத்த வண்டி காலையில் கிளம்பாததற்குக் குளிர்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறோம். நம் பக்கத்தில் அப்படி என்ன குளிர்? மார்கழி விடியலிலும் இங்கே வெப்பம் ஏறத்தாழ 20 டிகிரிக்கு அருகில்தான் நிற்கிறது. உறைபனி விழும் உதகமண்டலத்துக்காரர்கள் கேட்டால் நகைப்பார்கள். இருந்தும் கரிசல் பூமியில் வண்டி முரண்டு பிடிக்கிறது. இந்தப் புதிருக்கு விடை காண, முதலில் யந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பெட்ரோல் எரிவதில்லை!

தலைப்பைக் கண்டு நேயர்கள் திடுக்கிட வேண்டாம். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை. அதன் ஆவிதான் காற்றுடன் கலந்து எரிகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் புறங்கையில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டை விட்டுக் காட்டுவோம். அது கண்ணெதிரே மறையும். கை ஜில்லென்று ஆகும். ஆவியாவதற்கு வேண்டிய உஷ்ணத்தை அது கையிலிருந்து எடுத்துக் கொள்கிறது. பெட்ரோலுக்கும் அதே நியாயந்தான். சூடான யந்திரத்தில் அதற்கு வேண்டிய உஷ்ணம் தாராளமாகக் கிடைக்கிறது. இரவெல்லாம் நின்று ஆறிப்போன யந்திரத்தில் கிடைப்பதில்லை.

எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று சேர்ந்தால்தான் எரிதல் சரிவர நடக்கும். அளவில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரியச் சுமார் 9,000 லிட்டர் காற்று வேண்டும். இந்தக் கலவையை உண்டுபண்ணும் சமையற்காரன்தான் கார்ப்பரேட்டர். 1893-ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் உருவாக்கிய தெளிப்புக் கார்ப்பரேட்டரின் வழி வந்ததே இன்று நம் பழைய வண்டிகளில் இருப்பதும். ஒரு சிறு கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கிறது. மிதவை ஒன்று அதன் மட்டத்தைக் காக்கிறது. குறுகலான குழாய் வழியாகக் காற்று வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. உடனே ஜெட் என்னும் நுண்துளை வழியே பெட்ரோல் மேலெழும்பித் துளித்துளியாகச் சிதறுகிறது.

காலையில் இந்தச் சமையலுக்கு இரண்டு இடைஞ்சல்கள். உதைக்கும்போது யந்திரம் மெதுவாகவே சுழல்கிறது. காற்றின் வேகம் போதாமையால் ஜெட்டிலிருந்து பெட்ரோல் சரியாக எழும்புவதில்லை. எழும்பியதிலும் ஒரு பகுதி குளிர்ந்த இரும்பில் ஈரமாக ஒட்டிக்கொண்டுவிடுகிறது. பிளக்கின் பொறிக்குக் கிடைப்பது வெறுங் காற்றும் கொஞ்சம் வாசனையுமே.

விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தீக்குச்சியைக் கிழித்துக் கட்டையில் வைத்தால் பற்றுமா? சுள்ளி வேண்டும். பெட்ரோலிலும் சுள்ளி உண்டு, கட்டை உண்டு. அது பல பொருள்களின் கலப்பு. சில 35 டிகிரி அளவிலேயே கொதித்து ஆவியாகும், சிலவற்றுக்கு 200 டிகிரி வரை வேண்டும். குளிர்ந்த யந்திரத்தில் பற்றுவது சுள்ளிப் பகுதி மட்டுமே. ஆகவே, போதுமான சுள்ளி சேரும்படி பெட்ரோலையே அதிகமாக உள்ளே விட வேண்டியிருக்கிறது. அதற்காக ஏற்பட்டதே 'சோக்'. அது காற்றின் வழியை அடைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்ச வைக்கிறது. சில வண்டிகளில் காற்றை அடைப்பதற்குப் பதில், கூடுதல் பெட்ரோலுக்குத் தனி வழி திறக்கும்; பலன் ஒன்றே.

வெயிலில் பிறந்த குளிர்

இப்போது கரிசல் பூமியின் புதிருக்கு வருவோம். நம் பக்கத்து வெயில் வருஷத்தில் பெரும்பகுதி வண்டியைச் சுட்டுக் கொண்டிருக்கிறது. சில தினங்கள் வண்டி நின்றுவிட்டால், கிண்ணத்தில் உள்ள பெட்ரோலில் முதலில் ஓடிப்போவது அந்தச் சுள்ளிப் பகுதிதான். எஞ்சுவது பற்றாத கட்டை. எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்டுகளில், பெட்ரோல் ஆவியாகிப் போய் எண்ணெய் மட்டும் தங்கி ஜெட்டில் பிசுக்காகப் படிவதும் உண்டு. பகல் வெயில் வாங்கிக்கொண்ட கடனை விடியற்காலைக் குளிர் வசூலிக்கிறது என்று சொல்லலாம்.

முன்னோர் இதற்குக் கண்ட உபாயங்கள் சுவாரசியமானவை. அம்பாஸிடர் காரில் டிரைவர் சோக் குமிழை இழுத்துவிட்டுச் சற்று நேரம் தியானத்தில் ஆழ்வார். பாட்டரி கைவிட்டால் முன்புறம் ஹாண்டிலைச் செருகிச் சுழற்றுவார். 1972-ல் வெளிவந்த பஜாஜ் சேதக் ஸ்கூட்டரை, உதைப்பதற்கு முன் ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்துவது தேசம் முழுவதும் அனுஷ்டிக்கப்பட்ட சடங்கு. சிரிக்க வேண்டாம்; அதில் விஞ்ஞானம் இருக்கிறது. சாய்த்தால் கிண்ணத்துப் பெட்ரோல் மட்டம் மீறி உள்ளே வழியும், கலவை செறிவாகும்.

இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, மதுரை டி. வி. சுந்தரம் அய்யங்கார் ஸ்தாபனத்தார் கரி வாயுக் கருவிகளைத் தயாரித்தார்கள். அந்தக் 'கரி பஸ்'ஸில் முதலில் அடுப்பை மூட்டி, கனல் பிடித்து, வாயு உண்டான பிறகே பிரயாணம். அந்தக் காலத்துப் பிரயாணிகள் அவ்வளவு நேரம் காத்திருந்தார்கள். நம்முடைய மொபெட் கேட்பது ஒரு நிமிஷப் பொறுமையே.

செய்ய வேண்டிய முறை

முதலில் பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அநேக உதைகள் இதை மறந்ததன் விளைவே. வண்டி பல வாரம் நின்றிருந்தால் கிண்ணத்துப் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதை நிரப்ப வேண்டும்.

அடுத்து, சோக்கைப் போட்டு ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே உதைத்தால் காற்று அதிகம் புகுந்து சோக்கின் வேலை கெடும். கிளம்பியபின், யந்திரம் சீராக ஓடத் தொடங்கியதும் சோக்கை விட்டுவிட வேண்டும். போட்ட சோக்கை மறந்து ஓட்டினால் பெட்ரோல் வீணாகும். பிளக் கரி பிடிக்கும். சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைப் பெட்ரோல் கழுவித் தேய்மானத்தை உண்டுபண்ணும்.

பத்து உதைக்கும் கிளம்பாமல் பெட்ரோல் நெடி அடித்தால், பிணி மாறிவிட்டது என்று அறிக. பசி போய் அஜீர்ணம் வந்துவிட்டது. சோக்கை விட்டு, பெட்ரோல் குழாயை மூடி, இப்போது ஆக்ஸிலேட்டரை முழுதும் திறந்து சில உதை உதைத்தால் மிகுந்த பெட்ரோல் வெளியேறும். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்த வேண்டும். அதற்குமேல் மெக்கானிக்கைத் தேடுவதே உசிதம்.

செய்யக் கூடாதவை

அவசரத்தில் சிலர் கார்ப்பரேட்டரின் வாயில் நேராகப் பெட்ரோலை ஊற்றி உதைக்கிறார்கள். சிலர் பிளக்கை நெருப்பில் வாட்டுகிறார்கள். இரண்டும் விபரீதம். சில சமயம் யந்திரத்துக்குள் பற்றிய தீ பின்னோக்கிக் கார்ப்பரேட்டர் வழியே வெளிப்படும். ஊற்றுகிற கையில் பெட்ரோல் இருந்தால் என்ன ஆகும்? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவி நிற்கும். ஒரு பொறி என்ன செய்யும் என்பதைப் பட்டாசுத் தொழில் நடக்கும் சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அறிந்தவர்களே அவசரத்தில் மறந்துவிடுவதுதான் ஆச்சரியம்.

மூடிய அறைக்குள் வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் ஆகாது. சோக் போட்ட யந்திரத்தின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு அதிகம். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, தயையுமில்லை.

புதிய பெட்ரோலும் பழைய வண்டியும்

2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிறகு, புதிய இருசக்கர வண்டிகளில் கார்ப்பரேட்டர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. கருவி ஒன்று உஷ்ணத்தை அறிந்து பெட்ரோலை அளந்து பீச்சுகிறது. கரும்பு, தானியங்களிலிருந்து எடுக்கும் எத்தனாலும் பெட்ரோலில் 2025-ஆம் வருஷத்துக்குள் 20 சதவிகிதம் சேர்ந்துவிட்டது. இதனால் தேசத்துக்கு வெளிநாட்டு எண்ணெய்ச் செலவு குறைகிறது. பழைய வண்டிக்கு மட்டும் சில சங்கடங்கள் உண்டு. எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரு மடங்குக்கு மேல் உஷ்ணம் வேண்டும். 1 பங்கு எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதுமாதலால், பழைய ஜெட் தரும் கலவையில் காற்று மிஞ்சிவிடும். அது ஈரத்தையும் இழுக்கும். சில பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும்.

இதற்குப் பரிகாரம் இல்லாமற் போகவில்லை. காலையில் சோக்கைச் சற்று அதிக நேரம் வைத்திருக்கலாம். ரப்பர்க் குழாய்களை மாற்றிவிடலாம். தேவையானால் மெக்கானிக் வேறு அளவு ஜெட் போடுவார்; ஊசியால் துளையைக் குடைவது மட்டும் கூடாது. வெளியூர் போகிறவர்கள் பெட்ரோல் குழாயை மூடி, யந்திரம் தானே நிற்கும்வரை ஓடவிட்டுச் சென்றால், கிண்ணத்தில் கெட்டுப்போக ஒன்றும் மிஞ்சாது.

வீட்டில் வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இவ்வளவையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அடுப்பு மூட்டத் தெரிவதைப் போல இதுவும் ஒரு வீட்டு வித்தை. அதைக் கற்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். கற்றவர்கள் திங்கட்கிழமை வேலைக்கு நேரத்தில் போய்ச் சேருவார்கள்.