செரட்டோனின்: பொறுத்திருக்க வைக்கும் வேதிப்பொருள்

வாழைப்பழம் சாப்பிட்டால் செரட்டோனின் கூடும், மனம் மகிழும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாழைப்பழத்தில் செரட்டோனின் இருப்பது உண்மைதான். அது மூளைக்குப் போய்ச் சேராது என்பதை மட்டும் அந்தச் செய்தி சொல்வதில்லை.

பெரும்பங்கு குடலில்

உடலிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. 1930களில் இத்தாலிய விஞ்ஞானி எர்ஸ்பாமர் இதை முதலில் கண்டதும் குடல் செல்களில்தான். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். மூளையிலும் இருக்கிறது என்பதை பெட்டி ட்வாரோக் என்ற பெண் விஞ்ஞானி 1953இல் காட்டினார்.

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு, குடலின் செரட்டோனினை உள்ளே விடாது. பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றிலுள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு, மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. அதனால்தான் ரத்தத்தில் செரட்டோனின் அளவு பார்த்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது. யாராவது அப்படிச் சொல்லி ‘பேக்கேஜ்’ விற்றால் காசை மிச்சப்படுத்துங்கள்.

ஆசை வேறு, பொறுமை வேறு

மூளைத்தண்டில் ராஃபே எனப்படும் பகுதியில் இருக்கும் சில லட்சம் நரம்பணுக்கள்தான் மூளை முழுவதற்கும் செரட்டோனின் அனுப்புகின்றன. ஒன்றை நாடிப் போகவைப்பதில் டோபமின் என்ற இன்னொரு வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு. செரட்டோனினின் வேலை என்ன?

ஜப்பானின் ஒகினாவாவில் கென்ஜி டோயாவின் குழு எலிகளிடம் இதைச் சோதித்தது. தாமதமாக வரும் உணவுக்காக எலி காத்திருக்கும்போது, அதன் ராஃபே நரம்பணுக்களை ஒளியால் தூண்டினார்கள். எலி கூடுதல் நேரம் பொறுத்திருந்தது. 2018இல் வெளியான அடுத்த ஆய்வு இன்னும் சுவாரசியம். உணவு வருவதற்கு 75 சதவீத வாய்ப்பு இருந்தபோது தூண்டல் பலித்தது. 50, 25 என்று குறைந்தபோது பலிக்கவில்லை. கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் செரட்டோனின் பொறுமையை நீட்டிக்கிறது!

எலிக்குப் பொருந்துவதெல்லாம் மனிதருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் “செஞ்சு என்ன ஆகப்போகுது” என்று படுத்துவிடும் மனச்சோர்வு நோயாளியைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு யோசிக்க நிறையத் தரும். ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்ற பட்டம் இதற்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

மாத்திரை விஷயம்

1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள், நரம்பணுக்களுக்கு இடையே செரட்டோனினைக் கூடுதல் நேரம் தங்கவைக்கின்றன. இது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். மனநிலை தேறுவதற்கோ பெரும்பாலும் 2 முதல் 4 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். குமட்டலும் தூக்கக் கோளாறும் முந்திக்கொண்டு வருவதால், பலர் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் லண்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போடக் கூடாது. பாரசிட்டமால் குறைந்து யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை. ஆனால் பாரசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறது. மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம் வரலாம். டாக்டர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

25 வயதுக்குட்பட்டவர்களுக்கு மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். வலிக்கு டிரமடால் போன்ற மாத்திரை எழுதும் டாக்டரிடம் மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து செரட்டோனின் மிதமிஞ்சினால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசைத் துடிப்பு, குழப்பம் வரும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சோம்பேறி என்று சொல்லும் முன்

பிடித்த வேலையில்கூட நாட்டமின்மை, தூக்கமும் பசியும் மாறுவது, எதையும் தொடங்க முடியாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.