வெற்றிக்குரிய குழு: கூடைப்பந்தாட்டத்தில் மனப்பாங்கும் தலைமையும் பயிற்சியும்

ஐவர் ஒருங்குகூடி ஆடும்போது, அவ்வைவர்தம் ஆற்றலின் கூட்டுத்தொகையினும் மிக்கதோர் ஆற்றல் சில குழுக்களிற் பிறக்கின்றது. வேறு சிலவற்றில் அத்தொகையினும் குறைந்ததே எஞ்சுகின்றது. திறமையிற் சிறந்த ஐவரைக் கொண்ட குழு நடுத்தரமான ஐவரிடம் தோற்று நிற்பதை ஆடுகளங்களிற் பலகாலும் காண்கின்றோம். இதற்குக் காரணம் யாது? இவ்வினாவை ஆராய்வதற்குக் கூடைப்பந்தாட்டம் மிகப் பொருத்தமான ஆட்டமாகும். அதன் விதிகளிலேயே விடையின் ஒரு பகுதி அடங்கியுள்ளது.

இவ்வாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் வகுக்கப்பட்டது. குளிர்காலத்தில் மண்டபத்தினுள்ளே ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை மாணவர்க்கு அமைத்துத் தருதல் அவருடைய கடமையாயிற்று. பீச்சுப்பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் தொங்கவிட்டு, 13 விதிகளை அவர் எழுதினார். பந்தை ஏந்திக்கொண்டு ஓடலாகாது என்பது அவற்றுள் தலையாயது. எனவே பந்தைப் பெற்றவன் அதனைப் பிறனுக்கு ஈந்தே தீரவேண்டியவனானான். பந்தைத் தட்டிக்கொண்டு செல்லும் உரிமை பின்னர் வந்ததெனினும், ஈதலே இவ்வாட்டத்தின் உயிர் என்பது இன்றும் மாறவில்லை.

மனப்பாங்கு

இன்றைய சர்வதேச விதிப்படி ஆடுகளம் 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் உடையது, வளையம் 3.05 மீற்றர் உயரத்தில் அமைவது. ஆட்டம் 10 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நிகழும். இந்த 40 நிமிடங்களில் ஒரு குழுவின் வசம் பந்து இருப்பது ஏறத்தாழப் பாதி நேரம் எனக் கொள்வோம். அந்த 20 நிமிடங்களை ஐவர்க்குப் பகிர்ந்தால் ஒருவர் கையில் பந்து இருப்பது நான்கு நிமிடங்களே. எஞ்சிய 36 நிமிடங்களும் அவர் பந்தின்றியே ஆடுகின்றார்.

இந்தக் கணக்கை உணர்ந்த ஆட்டக்காரனுடைய மனப்பாங்கு வேறாகிவிடும். எதிரியைத் தொடர்ந்து காத்தல், தோழன் எறிவதற்கு வழியுண்டாக இடையில் நின்று மறித்தல், பலகையிற் பட்டுத் தெறிக்கும் பந்துக்கு இடம்பிடித்தல், பந்து பறிபோனவுடன் திரும்பி ஓடுதல் ஆகிய யாவும் அந்த 36 நிமிடங்களுக்குரியன. இவற்றிற்குப் பிறவித் திறமையினும் மன உறுதியே பெரிதும் வேண்டப்படும். எறிந்த பந்து வளையத்திற் புகாதபோது தலையிற் கைவைத்து நிற்பவன், தன் குழுவை நால்வராக்கி ஐவரோடு பொரவிடுகின்றான். நடுவரோடு வாதிட நிற்பவனும் அத்தகையனே. தவறியபின் அடுத்த கணத்தில் ஒருவன் செய்வது யாது என்பதே அவன் மனப்பாங்கின் உரைகல்.

தலைமை

மிகுந்த புள்ளி பெறுபவனே தலைவன் என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. பொஸ்ரன் செல்ற்றிக்ஸ் குழுவின் பில் றசல் அவ்வெண்ணத்தை மறுக்கும் சான்றாவார். 1957 முதல் 1969 வரையான 13 பருவங்களில் அவர் குழு 11 முறை வாகை சூடியது. அவருடைய பெரும்புகழ் தற்காப்பினால் விளைந்ததாகும். எதிரியின் எறிவைத் தடுக்கும்போது பந்தைக் களத்துக்கு வெளியே அடித்து ஆரவாரம் பெறுவதை விட்டு, அது தம் தோழர் கைக்குச் சேருமாறு தட்டிவிடுவதில் அவர் வல்லவர். இறுதி மூன்று பருவங்களில் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் ஒருங்கே விளங்கி, இரு முறை வெற்றி கண்டார். பிறர் ஆற்றலைப் பயன்கொள்ளச் செய்வதே தலைமை என்பது இதனாற் பெறப்படும்.

பயிற்சி

லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழுவைப் பயிற்றிய ஜோன் வூடன், முன்னர் பாடசாலையில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். பருவத்தின் தொடக்கத்தில் அவர் முதலிற் கற்பித்தது காலுறையும் சப்பாத்தும் சரியாக அணியும் முறையையே. காலுறையில் மடிப்பு விழுந்தால் பாதம் கொப்பளிக்கும். கொப்பளித்த பாதத்தோடு பயிற்சி நடவாது. சிறியதைப் பேணாமற் பெரியது கைகூடாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

அவர் 1948இற் பொறுப்பேற்றார். அவருடைய குழு தேசிய வாகையை முதன்முதல் வென்றது 1964இலேயாம். அவ்வாண்டு முதல் 1975 வரையான 12 ஆண்டுகளில் 10 முறை வென்றது. ஓராண்டு தோற்றவுடன் பயிற்றுநரை மாற்ற முனையும் கல்லூரிகள் இக்காலக் கணக்கை மனங்கொள்ளல் நன்று.

நம் கரையிற் கண்ட சான்றுகள்

கடல் கடந்து செல்லாமலே நாம் கற்கத்தக்கன பல உள. கல்முனைக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது மட்டக்களப்பு. ஆங்குள்ள புனித மிக்கேல் கல்லூரி 1873இல் நிறுவப்பெற்றது. காரைதீவிற் பிறந்து கல்முனையிற் பயின்ற விபுலாநந்த அடிகளார் பின்னர்க் கல்விகற்றதும் அக்கல்லூரியிலேயாம். அங்கே கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவருள் இயேசு சபைத் துறவியான யூஜின் ஜோன் ஹேபர்ட் அடிகளார் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திற் பிறந்த அவர், 1948இல் இலங்கைக்கு வந்து, தம் வாழ்நாளைக் கீழ்மாகாண இளைஞர்க்கே ஈந்தார். அவர் பயிற்றிய மாணவர் தீவெங்கும் அறியப்பட்ட குழுவாயினர். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள், கலவரக் காலத்தில், வாழைச்சேனையினின்று மட்டக்களப்புக்கு மீளும் வழியில் அவர் காணாமற்போனார். பயிற்றுநர் தம் மாணவரை விட்டகலாது நிற்றல் என்பதற்கு அவர் வாழ்வே உரை.

கூடைப்பந்தின் உடன்பிறப்பான வலைப்பந்தாட்டத்திலும் ஒரு சான்று உண்டு. 2018இற் சிங்கப்பூரில் நிகழ்ந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில், இலங்கை மகளிர் சிங்கப்பூரை 69க்கு 50 என்ற கணக்கில் வென்றனர். யாழ்ப்பாணத்தவரும் இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட உயரமுடையவருமான தர்ஜினி சிவலிங்கம் அக்குழுவில் எறிவாளராக ஆடினார். அவரது உயரம் குழுவுக்குப் பெருஞ்செல்வம். ஆயினும் களத்தின் நடுவிலிருந்து பந்தை உரிய கணத்தில் உரிய உயரத்தில் அனுப்பும் சிங்களத் தோழியர் இல்லையேல் அச்செல்வம் பயன்படாது. பெறுவோரும் ஈவோரும் ஒருவரையொருவர் நம்பியதன் விளைவே அவ்வெற்றி.

செயற்பாலன

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என நம் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசி அயலவராய் வாழ்கின்றனர். எனினும் பிள்ளைகள் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிற் பயில்கின்றனர். போர்க்கால நினைவுகள் இரு சாராரிடத்தும் உள. இந்நிலையில் இரு சாராரும் கலந்த ஒரு குழுவை அமைத்தல் அரிதாயினும் இயலாததன்று.

அதற்கு வேண்டுவன சில. வெயில் தணிந்த மாலையிலோ, சுபஹுத் தொழுகைக்குப் பின்னரான விடியலிலோ பயிற்சியை அமைத்தல் வேண்டும். நோன்பு மாதத்திற் பகற்பயிற்சியை விடுத்து, இரவிற் குறுகிய நேரம் ஆடலாம். வெள்ளிக்கிழமை நண்பகலையும் கோயில் திருவிழா நாட்களையும் பயிற்றுநர் முன்கூட்டியே குறித்துக்கொள்ளல் வேண்டும். கடற்காற்றின் உப்பில் இரும்பு வளையம் விரைந்து துருப்பிடிக்குமாதலின், அதற்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசும் பணியை ஆட்டக்காரரே ஏற்கலாம். தாம் பேணிய களத்தை எவரும் இழிவாக நடத்தார். பெண்பிள்ளைகளுக்குப் பெற்றோர் உவந்து அனுப்பத்தக்க ஆடையும் நேரமும் பெண் பயிற்றுநரும் அமைதல் இன்றியமையாதது.

பந்து கைக்கு வந்தபின் 24 செக்கனுள் எறிதல் வேண்டும் என்பது விதி. வளையத்தருகே தனித்து நிற்பவன் எவ்வூரான், எம்மதத்தான் என்று எண்ணிப் பார்க்க அந்நேரம் போதாது. கல்லூரிகள் ஒரு களத்தையும், பொறுமையுடைய ஒரு பயிற்றுநரையும், சில ஆண்டுக் காலத்தையும் அளிக்குமாயின், நம் கரையிலும் அத்தகைய குழுவொன்று உருவாகும் என்பது திண்ணம்.