பெரியவங்களுக்கு நிமோனியா ஊசி: போடலாமா, வேண்டாமா?



சென்ற மார்கழியில் நம் மாதக் கூட்டத்துக்கு ஒரு கடன் மனு வந்தது. மாட்டுக்கோ விதைக்கோ இல்லை, மாமியாருக்கு நிமோனியா ஊசி போட. அந்த அம்மாவுக்கு எழுபது வயசு, சர்க்கரையும் இருக்கு. தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு கையில் இருந்தது. "வயசானவுகளுக்கு ஊசி போட்டா உடம்பு தாங்குமா?" என்று ஒரு அக்கா கேட்டார். "அது பச்சப்பிள்ளைகளுக்குப் போடுறதுல்ல?" என்றார் இன்னொருவர். அன்றைக்கு யாராலும் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நிமோனியா என்றால் நுரையீரலில் சளி கட்டி வரும் காய்ச்சல். அதைக் கொண்டுவரும் கிருமிகள் பல. அவற்றில் முக்கியமான ஒன்று நிமோகாக்கஸ். இது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. 1994-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் மூன்று மாதத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலும் கண்ணில் அடிபட்டவர்கள். புண்ணில் இருந்த பாக்டீரியாக்களில் முதலிடம் இதே நிமோகாக்கஸுக்குத்தான். (கண் புண்ணுக்கு இந்த ஊசி மருந்தாகாது. அதற்கு உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். தாய்ப்பால் விடுவது, பச்சிலை பிழிவது எல்லாம் கூடவே கூடாது.)

இந்தக் கிருமி நம் மூக்கிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும். உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து நுரையீரலுக்கு இறங்கும். ரத்தத்தில் கலந்தாலோ மூளையின் உறையைப் பிடித்தாலோ உயிருக்கே ஆபத்து. அறுபத்தைந்து வயது தாண்டியவர்கள், சர்க்கரை, இருதய நோய், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பீடி சிகரெட் குடிப்பவர்கள் இவர்களுக்குத்தான் பயம் அதிகம்.

கிருமியின் மேலே சர்க்கரைப் பொருளால் ஆன ஒரு போர்வை உண்டு. அந்தப் போர்வையில் ஏறக்குறைய நூறு வகை. தடுப்பூசியில் இருப்பது போர்வைத் துணுக்கு மட்டுமே, உயிருள்ள கிருமி கிடையாது. அதனால் ஊசி போட்டு நிமோனியா வந்துவிட்டது என்பது நடக்காத காரியம்.

ஊசியில் இரண்டு ரகம். 1983-ல் வந்த பழைய ஊசியில் 23 வகைப் போர்வை இருக்கு. உடம்பு அதைப் பார்த்து எதிர்ப்புப் பொருள் செய்யும். ஆனால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளாது, சில வருடத்தில் அந்தச் சக்தி குறைந்துவிடும். புது ரகத்தில் போர்வைத் துணுக்கை ஒரு புரதத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பேங்கில் ஒரு பெண் தனியாகப் போய்க் கடன் கேட்டால் மேனேஜர் ஏறிட்டுப் பார்க்கமாட்டார். குழுவோடு போனால் உட்காரச் சொல்வார், அடுத்த முறை பேரையும் ஞாபகம் வைத்திருப்பார். அதே கதைதான் இங்கேயும். புரதம் கூட வரும்போது உடம்பின் காவல் அணுக்கள் கூடுதலாக விழித்துக்கொள்ளும், ஞாபகமும் நிற்கும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்.

வயசானால் கண் மங்குவது போல எதிர்ப்புச் சக்தியும் மந்தமாகும். அப்படியானால் ஊசி வேலை செய்யுமா? நெதர்லாந்து நாட்டில் 65 வயது கடந்த சுமார் 84,500 பேரை வைத்துச் சோதித்து, 2015-ல் முடிவைச் சொன்னார்கள். பாதிப்பேருக்கு 13 வகைப் புது ஊசி, பாதிப்பேருக்கு வெறும் ஊசி. ஊசியில் அடங்கிய வகைகளால் வந்த நிமோனியா நூற்றுக்கு 45 பங்கு குறைந்தது. ரத்தத்தில் கலக்கும் கடுமையான நோய் 75 பங்கு குறைந்தது. ஆனால் எல்லாக் கிருமியாலும் வரும் நிமோனியாவை மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஊசி போட்டவருக்கு நிமோனியாவே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் நாம் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. அந்தச் சோதனையில் இரண்டு பக்கமும் இறந்தவர் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஊசி போட்ட கை வலிக்கும், வீங்கும், சிவக்கும். அசதி, உடம்பு வலி, லேசான காய்ச்சல் வரலாம். இரண்டு மூன்று நாளில் போய்விடும். கடுமையான ஒவ்வாமை மிக அபூர்வம். ஆனாலும் போட்டவுடன் பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத் திணறல், முகவீக்கம் வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கடும் காய்ச்சல் இருக்கும்போது தள்ளிப்போடலாம். பழைய ரக ஊசியை ஐந்து வருடத்துக்குள் மறுபடி போட்டால் கைவீக்கம் கூடுதலாக இருக்கும். அதனால் போட்ட தேதியையும் ஊசியின் பெயரையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

இனி பணம். அரசு தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி குழந்தைகளுக்கு மட்டுமே. பெரியவர்கள் வெளியில் சில ஆயிரம் கொடுத்துப் போட வேண்டும். எல்லாரும் கடன் வாங்கிப் போடுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். சர்க்கரை, இருதயம், நெஞ்சுச் சளி உள்ள பெரியவர்களுக்கு டாக்டர் சொன்னால் அது வீண் செலவு இல்லை. மற்றவர்கள் முதலில் சர்க்கரை மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும், பீடியை விடட்டும், விறகடுப்புப் புகையில் உட்காராமல் இருக்கட்டும்.

காசில்லாமல் ஒரு வழியும் இருக்கு. 2021 முதல் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு இந்த ஊசி இலவசம். ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று முறை. அமெரிக்காவில் 2000-ல் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய பிறகு, ஊசி போடாத தாத்தா பாட்டிகளுக்கும் இந்த நோய் குறைந்தது. பேரப்பிள்ளை மூக்கில் கிருமி தங்கவில்லை என்றால் மடியில் வைத்துக் கொஞ்சும் அப்பத்தாவுக்கு எங்கிருந்து தொற்றும்?

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். வயசானவர்களுக்கு நிமோனியா வரும்போது காய்ச்சல் அடிக்காமலும் இருக்கலாம். திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் பேசுவார்கள், சாப்பாடு இறங்காது, மூச்சு வேகமாக வாங்கும், உதடு நீலம் பாயும். கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த மனு என்னாச்சு என்று கேட்பீர்கள். கடன் கொடுத்தோம். அந்த அம்மாவுக்கு இரண்டு நாள் கை வலித்ததாம், மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. முதல் தவணையும் வந்து சேர்ந்தது.