சில நேரம் ஸ்டார்ட் ஆகும், சில நேரம் ஆகாது... டிராக்டர் மக்கர் செய்வது ஏன்?

மழை ஈரம் காய்வதற்குள் உழவேண்டும். அந்த நேரம் பார்த்து டிராக்டர் செல்ஃப் எடுக்காது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக் வந்து பார்க்கும்போதும் நன்றாகவே இருக்கும். ‘புது பேட்டரி போட்டும் சரியாகவில்லையே, ஏன்?’ என்பது பல விவசாயிகளின் கேள்வி.

பழசாகிப்போன பேட்டரி நாளுக்கு நாள் மோசமாகும். இன்று நன்றாகவும் நாளை மோசமாகவும் இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வயர் இணைப்புகளைத்தான். லைட் எரிய சில ஆம்பியர் மின்சாரம் போதும். செல்ஃப் மோட்டார் சுற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் தேவை. குப்பை அடைத்த வாய்க்காலில் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கலாம். வயலுக்குப் பாய்ச்ச முடியாது. அதுபோல, டெர்மினல் லேசாகத் தளர்ந்திருந்தாலும் ஹாரன் அடிக்கும். செல்ஃப் மட்டும் எடுக்காது.

லைட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம்!

கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஹெட்லைட்டை எரியவிட்டு, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்ப, மற்றொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று லைட்டைக் கவனிக்கவேண்டும்.

1. லைட் மிகவும் மங்கினாலோ, அணைந்தாலோ: பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல், எர்த் வயரில் கோளாறு. ‘டிக் டிக்’ என்று வேகமாகச் சத்தம் வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

2. லைட் மங்கவில்லை, சத்தமும் இல்லை: செல்ஃபுக்கு மின்சாரமே போகவில்லை. சாவி சுவிட்ச், ஃபியூஸ், ரிலே ஆகியவற்றைப் பாருங்கள். பல டிராக்டர்களில் கிளட்ச் அல்லது கியரில் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். கிளட்ச்சை முழுதாக மிதித்து, நியூட்ரலிலேயே கியர் லீவரை அசைத்துப் பார்க்கும்போது ஸ்டார்ட் ஆனால், கோளாறு அந்த சுவிட்ச்சில் இருக்கலாம்.

3. லைட் மங்கவில்லை, ஒரே ஒரு ‘டிக்’ சத்தம் மட்டும்: செல்ஃபின் சொலினாய்டு அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மல்டிமீட்டர் சொல்லும் கணக்கு

12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாமல் சில மணி நேரம் இருந்தபிறகு சுமார் 12.6 வோல்ட் காட்டினால், முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டவேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

சுத்தம் செய்யும் முறை

கழற்றும்போது மைனஸ் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியாக மாட்டவேண்டும். டெர்மினலில் பூத்திருக்கும் களிம்பை, சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போகாமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். துடைத்து, இறுக்கி, மேலே வேஸ்லின் தடவுங்கள். எர்த் வயர் சேஸிஸில் சேரும் இடத்திலும் துருவைச் சுரண்டி எடுங்கள். எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்!

அவசரத்துக்குக் கீழே நின்றபடியே ஸ்க்ரூ டிரைவரைச் செல்ஃப் மோட்டாரில் வைத்து ‘டைரக்ட்’ கொடுப்பவர்கள் உண்டு. இப்படிச் செய்தால் பாதுகாப்பு சுவிட்ச் வேலை செய்யாது. கியரில் இருக்கும் டிராக்டர் ஸ்டார்ட் ஆனதும் நகர்ந்து, பக்கத்தில் நிற்பவர்மீது பின்சக்கரம் ஏறிவிடும். ஒரு நாள் உழவு தள்ளிப்போகலாம். உயிர் போனால் வராது.

எப்போது மக்கர் செய்கிறது, சூடாக இருக்கும்போதா, கழுவியபிறகா, மேடு பள்ளத்தில் ஓடியபிறகா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பைக் காட்டினாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.